ஆமத்தூர்க் கண்மாயில் ஒரு சுற்று

மோட்டார் பந்தயத்தில் முதலாவதாக வரப்போகிறவர் யார் என்று எந்த மடையனும் சொல்லிவிடலாம். நல்ல வண்டி யாரிடம் இருக்கிறதோ அவர் பெயரைச் சொன்னால் போதும், பெரும்பாலும் பலித்துவிடும். யாரும் நினைத்துக்கூடப் பார்க்காத ஒருவன் கடைசி வரிசையிலிருந்து கிளம்பி முன்னால் வந்து நிற்பானே, அவனைப் பந்தயத்துக்கு முன்பே அடையாளம் காண்பதுதான் வித்தை. அந்த வித்தை எனக்குக் கைவந்தது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் போன பயணம் இது.

அறுபதுகளின் தொடக்கம். தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. பந்தயம் வரும்போதெல்லாம் ஒரு தமிழ் வார இதழில் ‘எதிர்பாராத மூவர்’ என்று ஒரு பத்தி எழுதுவேன். இரண்டு முறை நான் சொன்ன ஆள் சொன்னபடியே வந்து நின்றான். அதன் பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் மற்றவர்கள் என்னை ‘சாத்திரியார்’, அதாவது சோதிடர், என்று கேலி செய்தார்கள், நான் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் சென்னைக்கு வடக்கே, யுத்தகாலத்து விமான ஓடுதளம் ஒன்றில் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்று செய்தி வந்தது. நேரில் போய்ப் பார்த்து எழுது என்றார் ஆசிரியர். இரண்டு பெயர்கள் கொழும்பிலேயே கிடைத்துவிட்டன. ஒருவர் பெங்களூர்க்காரர், இன்னொருவர் கண்டித் தோட்டத்துக்காரர் மகன். மூன்றாவது பெயரைப் பக்கத்துக் கடைக்காரர் கொடுத்தார். அவர் சிவகாசியிலிருந்து பட்டாசு இறக்குமதி செய்பவர்.

“அங்கே ஞானமுத்து என்று ஒரு லாரி டிரைவர் இருக்கிறான். வெடி லோடு ஓட்டுகிறவன். மிலிட்டரியில் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிப் பிரித்துச் சேர்த்து வைத்திருக்கிறான். அந்தப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறானாம். பிரேக்கைத் தொடாமலே வண்டி ஓட்டுவான்” என்றார்.

கடைசி வாக்கியம்தான் என்னைக் கப்பல் ஏற்றியது.

வியாழக்கிழமை காலை விருதுநகரில் இறங்கினேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது. வண்டி வண்டியாக மிளகாய் வற்றல் மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன. ஊர்க்காரர் ஒருவரும் தும்மவில்லை. என்னைப் பார்த்து, “வெளியூரா?” என்று மட்டும் கேட்டார் ஒரு வண்டிக்காரர்.

சாப்பாட்டுக் கடையில் எண்ணெயில் பொரித்த பரோட்டாவை நொறுக்கிப் போட்டுச் சால்னாவை ஊற்றினார்கள். காலையில் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று வளர்ந்த எனக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. நாலு தின்றேன். கை கழுவப் போனால் வாளியருகே நின்ற ஆள் ஒரு சிறு குவளைத் தண்ணீர்தான் ஊற்றினான். இன்னொன்று கேட்டேன். “மளை பேஞ்சா ஊத்துதேன்” என்றான் சிரிக்காமல். அந்த வருடம் அந்தப் பக்கம் மழை அடியோடு பொய்த்திருந்தது. எங்கள் ஊரில் மழை நிற்காதா என்று வைவோம். இங்கே குடத்தோடு பெண்கள் நின்ற வரிசை தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது.

சிவகாசி பஸ் ஆமத்தூர் தாண்டியதும் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். மறுபடி ஏறியபோது யாரோ பீடி பற்றவைத்தார். கண்டக்டர் பாய்ந்து வந்தார். “ஏலே, அணைலே அதை! பின் சீட்டுல பெரியவரு மடியில என்ன பொட்டணம்னு தெரியுமா? பஸ்ஸோட எல்லாரையும் பரலோகம் அனுப்பப் பாக்கியா?” பின் சீட்டுப் பெரியவர் மடியில் இருந்த பொட்டணத்தை அணைத்துக்கொண்டு, “பேத்தி சடங்குக்கு நாலு வெடி, அம்புட்டுத்தான்” என்றார். பஸ் முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன்.

பட்டாசுத் தொழிற்சாலையை அங்கே ‘ஆபீஸ்’ என்கிறார்கள். மேசை நாற்காலியை எதிர்பார்த்துப் போனவனுக்குக் கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கட்டிய ஓட்டுக் கொட்டகைகள்தான் தெரிந்தன. வாசற்காவலர் என் செருப்பு, சாவிக்கொத்து, பெல்ட், கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச் எல்லாவற்றையும் வாங்கி ஒரு மண்சட்டியில் போட்டார். ஞானமுத்து வெறுங்காலுடன் வந்து எதிரே நின்றார். முப்பதைத் தொடாத வயது. ஒல்லி. கண் மட்டும் என்னைத் தாண்டி எங்கோ தூரத்தில் நின்றது.

“வாங்க சார். கொளும்புலருந்து வந்தவுக நீகதானா? சாப்பிட்டீகளா?”

சாப்பிட்ட நாலு பரோட்டாவைச் சொன்னேன். “பரவால்ல, தெம்பாத்தான் இருக்கீக” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவர் லாரியிலேயே ஏறிக்கொண்டேன். விருதுநகர் கூட்ஸ் ஷெட்டுக்கு வெடிப்பெட்டி லோடு. வண்டியில் சேரும் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடப் பின்னால் ஓர் இரும்புச் சங்கிலி தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. ஆபீஸ் எல்லைக்குள் எஞ்சினைக் கிளப்பக்கூடாது என்பதால் ஏழெட்டுப் பேர் லாரியை ரோடு வரை தள்ளிவிட்டார்கள். இந்த மாவட்டத்தில் வண்டிகள் ஓடுகின்றனவா தள்ளப்படுகின்றனவா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ஞானமுத்து பிரேக்கைத் தொட்டது மூன்றே முறை. நாம் மாட்டுவண்டியைப் பார்ப்பதற்கு முன்பே அவர் கால் தளர்ந்திருக்கும். திருப்பத்தில் லாரி வழுக்கிக்கொண்டு போவது போல் போனது. மடியில் வைத்திருந்த காராச்சேவுப் பொட்டணம் அசையவில்லை.

“ரோட்ட நீங்க எங்கன பாக்கீக சார்?” என்று கேட்டார்.

“முன்னால்தான்.”

“நா இந்தத் திருப்பத்தப் பாக்க மாட்டேன். அதுக்கு அங்கிட்டு என்ன இருக்கும்னு பாத்துக்கிட்டே போவேன். லோடு இருக்கும்போது திடுக்குனு எதையும் செய்யக் கூடாது. செஞ்சம்னா மறுபடி செய்யுறதுக்கு ஆளு இருக்காது.”

பந்தயக்காரர்கள் பத்து வருடம் விழுந்து எழுந்து கற்றுக்கொள்வதை இந்த மனிதர் உயிர்ப்பயத்தில் கற்றிருந்தார். மூன்றாவது பெயர் கிடைத்துவிட்டது. கிடைத்தது மட்டுமல்ல, அதை முதலாவதாக எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆமத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு தரைப்பாலம். அங்கே மட்டும் நடக்கிற வேகத்துக்கு வந்தார். லாரி ஒவ்வொரு சக்கரமாக இறங்கி ஏறியது. “இதுல மட்டும் பிள்ளைத்தாச்சியக் கூட்டிட்டுப் போற மாதிரி போகணும்” என்றார்.

அவருக்கு இந்தப் பந்தயம் எதற்கு என்று கேட்டேன். சென்னை மோட்டார் கம்பெனி ஒன்று தன் வண்டிகளை ஓட்டிச் சோதித்துப் பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. புதியவர்களில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவரை எடுத்துக்கொள்வோம் என்று அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். “எம் பெஞ்சாதி ஆஸ்பத்திரியில நர்சு. தீக்காய வார்டு. தெனம் ராத்திரி நா வீட்டுக்குள்ள வரும்போது மூஞ்சிய, கையத் தொட்டுப் பாத்துட்டுத்தான் சோறு போடுவா. இந்த லோடு வேலைய விட்டுரணும் சார். இந்த ஒரு வழிதான் இருக்கு.”

சனிக்கிழமை மாலை லோடு ஏற்றுவதைப் பார்க்கப் போனேன். ஞானமுத்து லாரியின் மேல் நின்றார். கீழே இருந்து ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக் கொடுத்தார்கள். அவர் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, வைக்கோலைத் திணித்துத் தானே அடுக்கினார். வேறு யாரும் பெட்டியைக் கீழே வைக்க விடவில்லை. ஒரு பெட்டியை மட்டும் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். விரலால் அதன் பலகையைத் தடவினார். பிறகு பின்பக்க இடது மூலையில் நிறைய வைக்கோல் போட்டு அதை வைத்தார். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று இரவுச் சாப்பாடு அவர் வீட்டில். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அவர் மனைவி எஸ்தர் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். எஸ்தரின் தம்பி அருளும் வந்திருந்தார். விருதுநகர்க் கமிஷன் கடை ஒன்றுக்கு வற்றலும் பஞ்சும் லாரியில் ஓட்டுகிறவர். கலகலப்பான ஆள். “கொளும்புல பொண்ணுக எப்பிடி அண்ணாச்சி?” என்று ஆரம்பித்து அக்காவிடம் கரண்டியால் அடி வாங்கினார். ஏற்கெனவே கலியாணமாகி ஆறு மாதப் பெண்குழந்தை இருந்தது.

அப்போதுதான் என் பேச்சை எடுத்தேன். என் கையில் சென்னை ஓடுதளத்தின் வரைபடம் இருந்தது. ஆமத்தூர்க் கண்மாய் வறண்டு காய்ந்து கிடந்தது. அதில் அதே நீளத்துக்கு, அதே மூன்று திருப்பங்களோடு சுண்ணாம்புக் கோடு போட்டு அவரை ஒரு முழுச் சுற்று ஓட்டச்சொல்லி நேரம் பார்க்க வேண்டும். பத்தியைத் திங்கட்கிழமைத் தபாலில் சேர்க்க வேண்டும். எனக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

“நாளைக்குக் காலையில லோடு போகுதே சார்” என்றார் ஞானமுத்து. “தை கடைசி வெள்ளி நெருங்கிருச்சு. கோயில் ஆர்டரு. விருதுநகர்ல ரயில் ஏத்தணும்.”

“வேறு டிரைவர் ஓட்டக்கூடாதா?”

“எங்க வளக்கத்துல அது இல்ல. ஏத்துனவந்தான் ஓட்டணும்.”

நான் சிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பு என் காதில் விழுகிறது. ஆணி அடித்த மரப்பெட்டிக்கு யார் ஏற்றினார், யார் ஓட்டுகிறார் என்று தெரியுமா என்று கேட்டேன். கொழும்புத் துறைமுகத்தில் ஏற்றுபவன் ஒருவன், இறக்குபவன் ஒருவன், கப்பல் ஓட்டுபவன் வேறொருவன், உலகம் நடக்கவில்லையா என்று கேட்டேன். பூனை குறுக்கே போனால் வீடு திரும்புகிறவர்கள் பந்தயத்தில் எப்படி ஜெயிப்பார்கள் என்றும் கேட்டேன். பேச்சில் என்னை யாரும் வெல்ல முடியாத வயது அது.

ஞானமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எஸ்தர்தான் பேசினார். “ஒரு நாள்தான? சார் கடலு தாண்டி வந்திருக்காக. அவுக பேப்பர்ல எளுதுனா மெட்ராஸ் கம்பெனிக்காரகளும் பாப்பாக. ஏலே அருளு, நாளைக்கு ஒனக்கு லீவுதான? மச்சானுக்குப் பதிலா நீ ஓட்டிட்டு வாலே.”

“அதுக்கென்னக்கா. வத்த லோடு ஓட்டுதவனுக்கு வெடி லோடு பெரிய இதா? ரெண்டும் காரந்தான்” என்றார் அருள். எல்லாரும் சிரித்தோம். ஞானமுத்துவும் கடைசியில் சிரித்தார். “மொள்ளப் போ மாப்ள. தரைப்பாலத்துல பாத்துப் போ” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை. கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தபோது கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பு இல்லாத இடமாகப் பார்த்துக் கோடு போடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கரையில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டது எங்கள் கடை ஆந்திராக்காரரின் புண்ணியத்தில் எனக்குப் புரிந்தது. “பயிர்தான் இல்லை, இவன் சுண்ணாம்பை விதைக்கிறான் பார்” என்றாள் ஒருத்தி. “விதைக்கட்டும், எதுவாவது முளைத்தால் சரி” என்றாள் மற்றவள்.

முதல் சுற்றில் வண்டி இருமியது. கார்புரேட்டரைக் கழற்றி ஊதிப் பூட்டினார். இரண்டாம் சுற்றில் கோட்டை விட்டு வெளியே போனார். மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பும்போது சட்டையைக் கழற்றிக் கருவேல மரத்தில் போட்டுவிட்டு, “இப்பப் பாருங்க” என்றார்.

பார்த்தேன். அப்படி ஓர் ஓட்டத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. மூன்று திருப்பத்திலும் எஞ்சின் சத்தம் தாழவில்லை. புழுதி மட்டும் திரும்பியது. அவர் கோட்டைக் கடந்ததும் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினேன். இரண்டு நிமிடம் பதினெட்டு விநாடி. வெடித்த மண்ணில், கழித்துப்போட்ட வண்டியில்! நேரத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டே குதித்தேன். தொப்பியைத் தூக்கி எறிந்தேன். ஆடு மேய்த்த பெண்கள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஒரே சத்தமில்லை. முதலில் ஒன்று, பிறகு அடுக்கடுக்காக. நான் இடி என்று நினைத்து, மழை வரப்போகிறது என்று வானத்தைப் பார்த்தேன். ஞானமுத்து வானத்தைப் பார்க்கவில்லை. மேற்கே ரோட்டைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார். நான் பின்னால் ஏறினேனா, அவர் என்னை ஏற்றினாரா, நினைவில்லை.

தரைப்பாலத்தில் லாரி இல்லை. லாரியின் எஞ்சினும் முன் சக்கரங்களும் மட்டும் ஓடைக்குள் கிடந்தன. பின்பாதி இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம் இருந்தது. ஓடை மணலில் அருள் உட்கார்ந்திருந்தார். நடந்து வந்து உட்கார்ந்ததுபோல நேராக உட்கார்ந்திருந்தார். ஞானமுத்துவைப் பார்த்து, “மச்சான், நா மொள்ளத்தான் வந்தேன். ஒரு மாட்டுவண்டி குறுக்க வந்துச்சு, அப்பக்கூட மொள்ளத்தான் பிரேக்கப் பிடிச்சேன்” என்றார். முதுகுப்பக்கம் நான் போகவில்லை. போன ஞானமுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எஸ்தர் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருந்தார். வார்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் செய்தது, ஞானமுத்துவின் முகத்தையும் கையையும் தொட்டுப் பார்த்ததுதான். அதன் பிறகுதான் வண்டிக்குள் பார்த்தார்.

இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் தம்பிக்குக் கட்டு மாற்றியது எஸ்தர்தான். வேறு நர்சுகள் வந்து கேட்டும் விடவில்லை. அருள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே கிணற்றடியில் ஞானமுத்துவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் அவர் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னார்.

“மேப்பலகை ஒண்ணு பேந்துருந்துச்சு. ஆணி மொனை உள்ளுக்க நீட்டிக்கிட்டு நின்னுச்சு. மாத்துறதுக்கு வேற பெட்டி இல்ல. சரி, தரைப்பாலத்துல எறங்கி, ஓரமா நிப்பாட்டி, கையில தூக்கிட்டு அந்தப் பக்கம் வச்சிக்கிடலாம்னுதான் மூலையில வச்சேன். எத்தனையோ தடவ அப்பிடிச் செஞ்சிருக்கேன்.”

“அருளிடம் சொல்லவில்லையா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“தோணல சார். சத்தியமாத் தோணல. யாருகிட்டயும் சொல்லிப் பளக்கமில்ல. ஏத்துனவனே ஓட்டுறதுல சொல்லுறதுக்கு என்ன இருக்கு?”

அந்த வழக்கத்தின் பொருள் எனக்கு அப்போது விளங்கியது. லோடைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஏற்றியவன் தலைக்குள் இருக்கும், அது அவனோடு போக வேண்டும், அவ்வளவுதான். அதைப் பூனைச் சகுனத்தோடு சேர்த்துப் பேசிய வாய் என் வாய். அந்த ஆணிதான் காரணமா, மாட்டுவண்டிக்காகப் பிடித்த பிரேக்கா, வேறு ஏதாவதா என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியவில்லை. ஞானமுத்துவுக்குச் சந்தேகமே இல்லை. நானும் அந்தப் பெட்டியைப் பார்த்தவன் என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அருள் இறந்தார். புதன்கிழமை அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்து மண் இறுகிப்போயிருந்ததால் குழி வெட்ட வெகுநேரம் ஆயிற்று. அருளின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றாள். என்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. “சாப்பிட்டீகளா?” என்று மூன்று பேர் கேட்டார்கள். அதற்குப் பதில் அவர்கள் என்னை அடித்திருக்கலாம்.

வியாழக்கிழமை தபாலாபீசில் உட்கார்ந்து பத்தியை எழுதினேன். தபால் பிந்திவிட்டதால் தந்தியாகச் சுருக்கினேன். மூவர் இருவரானார்கள்.

சென்னைப் பந்தயத்தைப் பற்றி விரிவாக எழுத எனக்கு மனமில்லை. ஓடுதளம் வெயிலில் பளபளத்தது. குடை பிடித்த சீமாட்டிகள், ஐஸ் போட்ட சர்பத், ஒலிபெருக்கியில் பாண்டு வாத்தியம். என் பெங்களூர்க்காரர் எண்ணெய்க் குழாய் உடைந்து நடுவழியில் நின்றார். தோட்டத்துக்காரர் மகன் ஏழாவதாக வந்தார். புதியவர்களுக்கான பந்தயம் வந்தபோது பெயர்களை வரிசையாக வாசித்தார்கள். ஞானமுத்து பெயருக்கு யாரும் வரவில்லை, அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். முதலாவதாக வந்தவர் தன் மிக வேகமான சுற்றை முடிக்க இரண்டு நிமிடம் இருபத்தொரு விநாடி எடுத்துக்கொண்டார். சிமெண்டுத் தரையில், கண்மாயில் ஞானமுத்து எடுத்ததைவிட மூன்று விநாடி கூடுதல். என் வாட்ச்சை நான் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவரும் இருபத்தொன்று என்றார்.

பின்னால் இரண்டு ஆங்கிலோ இந்தியர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். “இந்த வருடம் சப்பென்று போய்விட்டது, எதிர்பாராமல் ஒருத்தன்கூட வரவில்லையே” என்றார் ஒருவர். “வந்திருந்தால் தெரிந்திருக்கும்” என்றார் மற்றவர். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் மறுபடி விருதுநகரில் இறங்கினேன். இறங்காமல் போயிருக்கலாம். ஆனால் கடிதம் எழுதியிருந்தேன். ஞானமுத்து ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். சிவகாசி பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஆபீஸ்காரர்கள் வேறு லாரி கொடுத்திருந்தார்கள், மறுபடி லோடு ஓட்டிக்கொண்டிருந்தார். அருளின் மனைவியும் குழந்தையும் இப்போது அவர் வீட்டில்தான் இருந்தார்கள். மெட்ராஸ் கம்பெனிக் கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தரைப்பாலம் வந்தபோது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பஸ் அதைக் கடந்த பிறகு கேட்டார்.

“மொதல்ல வந்தவரு ஒரு சுத்துக்கு எம்புட்டு நேரம் எடுத்தாரு சார்?”

பந்தயக்காரனிடம் நேரத்தைப் பொய் சொல்ல என்னால் முடியாது. “இரண்டு இருபத்தொன்று” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எஸ்தருகிட்ட சொல்லாதீக. கேட்டா, செயிக்கிறது கஷ்டந்தான்னு சொல்லிருங்க. இம்புட்டு நல்லது கைக்கு வந்து போச்சேன்னு அதுக்கும் சேத்து அளுவா” என்றார். அது நியாயமாகப் பட்டது. சரி என்றேன்.

எஸ்தர் டியூட்டிக்குப் போகத் தயாராக நின்றிருந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை. ஆள் பாதியாகியிருந்தார். காப்பி கொடுத்தார். கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டார். உள்ளே தொட்டிலில் அருளின் குழந்தை சிணுங்கியது, போய் ஆட்டிவிட்டு வந்தார். பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

“பந்தயம் பாத்தீகளா சார்?”

“பார்த்தேன்.”

“உள்ளதச் சொல்லுங்க. இவுக போயிருந்தா செயிச்சிருப்பாகளா?”

ஞானமுத்து என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். ஜெயிக்கப்போகிறவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறேன். அதிலெல்லாம் தவறு உண்டு, தெரிந்து சொன்ன பொய் கிடையாது.

“கஷ்டம்தானம்மா” என்றேன். “அங்கே வந்த வண்டிகள் வேறு ரகம். இவர் வண்டி பாதி தூரம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. நானும்தான் ஏதோ ஆசையில் கூடுதலாகச் சொல்லிவிட்டேன்.”

எஸ்தர் குடையின் பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அந்த முகத்தில் கடைசியாக மிச்சமிருந்த ஏதோ ஒன்று என் கண் முன்னாலேயே போயிற்று.

“அப்ப என் தம்பி ஒண்ணுமில்லாததுக்குத்தான் செத்தானா சார்?” என்றார்.

உண்மை தெரிந்த இரண்டு ஆண்பிள்ளைகள் அந்த ஒற்றை அறைக்குள் உட்கார்ந்திருந்தோம். எஸ்தர் எங்கள் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வார்டுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.